கந்தப்பளைக் குளிருக்கு ஒரு சில்லு வீடு: கோஸ்டரா, கொள்கலனா, இழுவைப் பெட்டியா?

அப்பா மலைக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று சொல்லத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் 35 ஆண்டுகள் கணக்கெழுதியவர். இப்போது வெள்ளவத்தையில் எங்கள் நான்காம் மாடி வீட்டின் பல்கனியில் கதிரையைப் போட்டுக்கொண்டு காலி வீதியைப் பார்த்தபடி இருக்கிறார். கந்தப்பளையில் தாத்தா மரக்கறி பயிரிட்டுச் சேர்த்த பணத்தில் வாங்கிய 20 பேர்ச் காணி இருக்கிறது. ஆனால் அது நான்கு உடன்பிறப்புகளுக்குப் பொதுவான காணி. ஒருவர் கனடாவில், ஒருவர் திருச்சியில், அத்தை மட்டும் காணியின் மேல் அந்தத்தில் குடியிருக்கிறார். காணி உறுதி இன்னும் பிரிக்கப்படவில்லை. பிரிக்காத காணியில் கல்லும் சீமெந்தும் வைத்து வீடு கட்டினால், நாளை பங்கு பிரிக்கும்போது அந்தச் சுவரே சண்டைக்கு முதல் காரணமாகிவிடும். "தூக்கிக்கொண்டு போகக்கூடிய வீடாக இருந்தால் யாருக்கும் மனக்கசப்பு வராது" என்று தம்பிதான் முதலில் சொன்னான்.

அன்றிலிருந்து எட்டு மாதங்களாக, சில்லு பூட்டி இழுத்துக்கொண்டு போகக்கூடிய சிறு வீடு ஒன்றைத் தேடுவதே வேலை. பஞ்சிகாவத்தை, ஒருகொடவத்தை, மொரட்டுவை என்று அலைந்து, பட்டறைகளில் நின்று, அளந்து, கணக்குப் போட்டுப் பார்த்தவற்றை இங்கே எழுதுகிறேன். கொழும்பில் உழைத்துக்கொண்டு மலையில் ஒரு சிறு வீட்டை நினைத்திருக்கும் குடும்பங்கள் பல. அவர்கள் நாங்கள் சுற்றிய சுற்றைச் சுற்றாமல் இருக்கட்டும்.

முதலில் அளவு. எங்கள் ஹாலில் தரையில் நாடா ஒட்டி 20 அடிக்கு 8 அடி என்று ஒரு செவ்வகம் போட்டோம். 160 சதுர அடி. தம்பியின் மனைவி அதைப் பார்த்து, "மாமா இதற்குள் எப்படி இருப்பார்?" என்று கவலைப்பட்டாள். அப்பா நாடாவுக்குள் போய் நின்று சுற்றிப் பார்த்தார். அவர் பிறந்த தோட்டத்து லயன் அறை 10 அடிக்கு 12 அடி. அதில் ஏழு பேர் வளர்ந்தார்கள். "இடம் போதும். கூரை ஒழுகாமல் இருக்க வேண்டும், படுக்கை நனையாமல் இருக்க வேண்டும்" என்றார். அப்பா அன்று சொன்ன அந்த இரண்டாவது நிபந்தனைதான் எங்கள் முடிவுகள் எல்லாவற்றையும் தீர்மானித்தது. ஆனால் அதை நான் விளங்கிக்கொள்ள ஜனவரியில் ஓர் இரவு தேவைப்பட்டது.

காணியை அளக்கப் போயிருந்தோம். அத்தை வீட்டில் விருந்தினர் நிறைந்திருந்ததால் நானும் தம்பியும் வேனிலேயே படுத்தோம். யன்னல்களை இறுக்கி மூடி, இரண்டு கம்பளிகளைப் போர்த்திக்கொண்டோம். குளிர் அவ்வளவு வாட்டவில்லை. விடியற்காலை நான்கு மணியளவில் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. மழையென்று நினைத்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். கூரைத் தகட்டின் உட்புறம், குறுக்கு இரும்புகள் ஓடும் இடமெல்லாம், வரிசை வரிசையாக நீர்முத்துகள். இரும்பு இல்லாத இடத்தில் குறைவு, இரும்பு உள்ள இடத்தில் கோடு கிழித்தாற்போல நிறைவு. கம்பளியின் மேற்பகுதி ஈரலித்துப் பிசுபிசுத்தது. வெளியே ஒரு துளி மழை பெய்யவில்லை. அத்தனையும் எங்கள் இருவரின் மூச்சு. ஒரு மனிதர் உறக்கத்தில் மணிக்கு ஏறக்குறைய 40 கிராம் நீரை மூச்சாலும் தோலாலும் வெளியே விடுகிறார். இரண்டு பேர், எட்டு மணி நேரம் என்றால் அரை லீற்றருக்கும் அதிகம். அது போக வழியில்லாமல் குளிர்ந்த இரும்பைத் தேடிப் போய் ஒட்டிக்கொண்டது.

சில்லு வீட்டைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் வரைபடங்களில் பெரும்பாலானவை வட அமெரிக்க, ஐரோப்பிய மலைகளுக்காக வரையப்பட்டவை. அங்கே இரவு பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை போகும். பனி அடி அடியாகக் கூரையில் குவியும். ஆனால் குளிர்காலக் காற்று வறண்டது. நம் நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவு. ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் 5 பாகைக்கும் கீழே இறங்கி, சில விடியல்களில் புல்லில் உறைபனி வெண்மையாகப் படிவதைப் பார்க்கலாம். அதற்குமேல் குளிர் இல்லை. ஆனால் மே தொடங்கித் தென்மேற்குப் பருவமழை வந்துவிட்டால் மாதக்கணக்கில் மூடுபனியும் தூறலும் ஈரலிப்பும்தான். துணி காயாது, தோற்செருப்பில் பூஞ்சணம் பிடிக்கும். அவர்களுடைய வீடு குளிரோடு போராடுகிறது. நம்முடைய வீடு ஈரலிப்போடு போராட வேண்டும். ஆகவே ஒவ்வொரு தெரிவையும் பார்க்கும்போது, எவ்வளவு சூடாக இருக்கும் என்பதை இரண்டாவதாகத்தான் கேட்டேன். உள்ளே உண்டாகும் நீர் எங்கே போய்ச் சேரும் என்பதே முதற் கேள்வியாக இருந்தது.

பழைய கோஸ்டர் அல்லது ரோசா பஸ் ஒன்றை வாங்கி வீடாக மாற்றுவது தம்பியின் முதல் விருப்பம். தானே ஓடும், இழுக்க வேறு வாகனம் வேண்டாம், பதிவுப் பிரச்சினை குறைவு. அதை நான் நீண்ட நேரம் பார்க்கவில்லை. சுற்றிவர ஒற்றைக் கண்ணாடி, இடையில் இரும்பு விலா. வேனில் நடந்ததன் பெரிய வடிவம் அது. இன்னொன்றும் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அந்த இடைவெளியில் ஏறிய பழைய பஸ்களின் விலை பல பத்து இலட்சங்களில் நிற்கிறது. பத்து ஆண்டுகளில் இரண்டு தடவை நகரப்போகும் வீட்டுக்காக ஓர் எஞ்சினை வாங்கி, அதை ஆண்டு முழுவதும் மழையில் நிறுத்தி, காப்புறுதியும் வருமான அனுமதிப்பத்திரமும் கட்டிக்கொண்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நாடு சுற்ற விரும்பும் இளம் தம்பதிக்கு பஸ் நல்ல தெரிவு. ஓரிடத்தில் அமரப்போகும் 68 வயதுக்காரருக்கு அல்ல.

கொள்கலனைப் பலரும் சொன்னார்கள். ஒருகொடவத்தைப் பக்கம் போனால் வரிசையாகக் கிடைக்கும், விலையும் தாங்கக்கூடியது, உறுதிக்குக் குறைவில்லை. 20 அடிக் கொள்கலன் வெளியே 6.06 மீற்றர் நீளம், 2.44 மீற்றர் அகலம். உள்ளகலம் 2.35 மீற்றர். இரு சுவரிலும் வெப்பக் காப்பும் பலகையும் வைத்தால் மிஞ்சுவது 2.2 மீற்றர் அளவு, ஏறக்குறைய 7 அடி 3 அங்குலம். அது போதும் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் வெறுங் கொள்கலனே 2.2 தொன்னுக்கு மேல். உள்வேலை, தளபாடம், அடியில் ட்ரெய்லர் எல்லாம் சேர்ந்தால் 5 தொன்னைத் தாண்டிவிடும். சுவர் முழுவதும் உருக்கு. உருக்கு வெப்பத்தை மரத்தைவிடச் சுமார் 400 மடங்கு வேகமாகக் கடத்துகிறது. அதன் உட்புறத்தில் மரச்சட்டம் அடித்து இடையில் ரெஜிபோம் எனும் வெள்ளை நுரைப்பலகையை வைப்பதே நம் ஊரில் வழக்கம். ரெஜிபோமுக்கும் நெளிந்த தகட்டுக்கும் இடையில் விரல் நுழையும் வெற்றிடம் இருக்கும். சூடான ஈரக்காற்று பலகை இடுக்குகள் வழியாக அந்த வெற்றிடத்துக்குப் போய்த் தகட்டில் நீராகி, கீழே வழிந்து, தரைப்பலகையின் ஓரத்தில் தேங்கும். யாருக்கும் தெரியாது. இரண்டாம் ஆண்டில் மணம் வந்தபின்தான் தெரியும். கொள்கலனைத்தான் எடுப்போம் என்று இருப்பவர்கள், ரெஜிபோமைக் கைவிட்டு, தகட்டோடு ஒட்டிக்கொள்ளும் பொலியூரிதேன் நுரையைத் தெளிக்கச் சொல்லுங்கள். வெற்றிடம் இல்லாவிட்டால் நீர் சேர இடமில்லை.

மூன்றாவது தெரிவை எனக்குக் காட்டியது பேலியகொடை மீன் சந்தை. விடியற்காலையில் மீன் இறக்கிக்கொண்டிருந்த ஃபிரீசர் லொறி ஒன்றின் பின்கதவு திறந்திருந்தது. கதவின் தடிப்பு என் உள்ளங்கை நீளம் இருக்கும். உள்ளே ஐஸ், வெளியே கொழும்பின் புழுக்கம். ஆனாலும் பெட்டியின் வெளிச்சுவர் உலர்ந்திருந்தது. வேனின் கூரை ஒரே இரவில் வியர்த்துக் கொட்டியதும், இந்தச் சுவர் நாள் முழுவதும் வியர்க்காமல் இருப்பதும் ஒரே விதியின் இரண்டு பக்கங்கள். குளிரை உள்ளே வைத்திருக்கும் பெட்டி, சூட்டையும் உள்ளே வைத்திருக்கும். அந்தச் சுவரில் இரு மெல்லிய தோல்களுக்கு நடுவே பொலியூரிதேன் நுரை. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும் இரும்பு மிகக் குறைவு.

பழைய ஃபிரீசர் லொறிப் பெட்டியை அப்படியே இறக்கி ட்ரெய்லரில் வைத்துவிடலாமா என்று விசாரித்தோம். சிறிய லொறிகளின் பெட்டி உள்ளே 6 அடி அகலம்கூட இல்லை. கட்டிலைப் போட்டால் நடக்க வழி இல்லை. பெரிய பெட்டி கிடைத்தாலும், ஆண்டுக்கணக்கில் மீன் ஏற்றிய பெட்டியின் நுரைக்குள் எங்கேயாவது நீர் இறங்கியிருந்தால் அதை வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. நீர் குடித்த நுரை காப்பாக இருக்காது. ஆகவே அந்தப் பெட்டியை விட்டுவிட்டு, அந்தச் சுவரை மட்டும் எடுத்துக்கொண்டோம். குளிர்களஞ்சிய அறைகள் கட்டுவதற்காக அதே போன்ற சுவர்ப் பலகங்கள் புதிதாகவே விற்கப்படுகின்றன. 75 மில்லிமீற்றர் நுரை, இருபுறமும் அரை மில்லிமீற்றர் வர்ணம் பூசிய தகடு.

பட்டறையில் பாஸ் ஓரடிச் சதுரத்தில் வெட்டுத்துண்டு ஒன்றைக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து குசினி மேசையில் இரண்டு கிண்ணங்களில் ஐஸ்கட்டிகளை நிரப்பினேன். ஒன்றின்மேல் பிஸ்கட் டின் மூடியையும் மற்றதன்மேல் அந்தத் துண்டையும் வைத்தேன். வெள்ளவத்தைக் காற்றின் ஈரம் நமக்குத் தெரிந்ததுதான். தேநீர் ஊற்றிக் குடிப்பதற்குள் டின் மூடியின் மேற்பரப்பு பூத்து, பிறகு சொட்டாகி ஓரத்தில் வழியத் தொடங்கியது. மற்றத் துண்டின்மேல் அப்பா உள்ளங்கையை வைத்துக்கொண்டு செய்தித்தாளை வாசித்தார். அரை மணி நேரம் கழித்துக் கையை எடுத்து, விரல்களைத் தேய்த்துப் பார்த்து, "உலர்ந்துதான் இருக்கிறது" என்றார். மலைக்குப் போகாமல் கொழும்பிலேயே யாரும் செய்யக்கூடிய சோதனை இது. எந்தச் சுவரை வாங்குவதானாலும் ஒரு துண்டு கேளுங்கள், ஐஸின்மேல் வையுங்கள்.

பலகத்துக்கு உண்மையான போட்டி மரச்சட்ட வீடுதான். வெளிநாடுகளில் சில்லு வீடென்றால் பெரும்பாலும் இதுவே: ட்ரெய்லர் சட்டகம், அதன்மேல் மரச்சட்டம், சட்டங்களுக்கு நடுவே கண்ணாடிப் பஞ்சு, வெளியே பலகை அல்லது தகடு, உள்ளே ஒட்டுப்பலகை. அழகு என்று பார்த்தால் இதற்கு ஈடில்லை. மொரட்டுவையில் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடிய கைகள் இருக்கின்றன. அதைவிட முக்கியமாக, பத்து ஆண்டுகள் கழித்து ஒரு மூலை பழுதானால் கந்தப்பளையில் எந்தத் தச்சரும் திருத்திவிடுவார். பலகச் சுவருக்கு அப்படியல்ல. ஒரு லொறி உரசிப் பள்ளம் விழுந்தால் அந்தப் பலகத்தையே மாற்ற வேண்டும். அலுமாரி தொங்கவிட வெறும் திருகாணி நிற்காது, முன்கூட்டியே உள்ளே ஒட்டுப்பலகைப் பட்டி ஒட்ட வேண்டும். இதையெல்லாம் நினைத்து ஒரு மாதம் நான் மரத்தின் பக்கமே நின்றேன்.

என்னை மாற்றியவை இரண்டு. ஒன்று எடை. எங்கள் அளவுப் பெட்டிக்குச் சுவர், கூரை, தரை சேர்த்துப் பரப்பு ஏறக்குறைய 71 சதுர மீற்றர். பலகம் சதுர மீற்றருக்கு 12 கிலோ என்றால் 850 கிலோ. இருபக்கமும் பலகை அடித்த மரச்சட்டம் 30 கிலோ என்றால் 2 தொன்னுக்கு மேல். அச்சு, சட்டகம், கட்டில், குசினி, குளியலறை எல்லாம் சேர்த்தால் பலக வீடு 2.5 முதல் 2.8 தொன் வரை, மர வீடு 3.7 தொன்னுக்கு மேல். இரண்டாவது, அதே நீர்க் கேள்வி. மரச்சட்ட வீட்டில் ஈரக்காற்று பஞ்சுக்குள் புகாமல் உட்பக்கத்தில் நீராவித் தடுப்புத் தாளைக் கிழிசலின்றி ஒட்ட வேண்டும். ஒவ்வொரு சுவிட்சுப் பெட்டியைச் சுற்றியும் ஒட்ட வேண்டும். அதைக் கவனமாகச் செய்து பழகியவர்கள் குளிர்நாடுகளில் இருக்கிறார்கள். இங்கே வெப்பத்துக்காகக் கட்டிப் பழகிய கைகளுக்கு அது தேவையற்ற நுணுக்கமாகத் தெரிகிறது. நான் பேசிய ஒரு பட்டறையில் "அந்தத் தாள் எதற்கு, காற்று போய்வர விடுவோமே" என்றார்கள். கொழும்பு வீட்டுக்கு அது சரியான அறிவுரை. கந்தப்பளையில் அந்தப் பஞ்சு ஐந்து ஆண்டுகளில் நனைந்த துணியாகிவிடும். பலகத்தில் தோல் தகடுதான். நீராவி உள்ளே போக வழியில்லை. பொருத்துகளை மட்டும் ஒழுங்காக அடைத்தால் போதும்.

சூட்டுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வெளியே 6 பாகை, உள்ளே 18 பாகை வைத்திருக்க வேண்டும், யன்னல் 4 சதுர மீற்றர் என்று எடுத்துக்கொண்டேன். காப்பே இல்லாத தகட்டுப் பெட்டிக்கு ஏறக்குறைய 5 கிலோவொட் வேண்டும். அதை 13 அம்பியர் சொக்கட் ஒன்றில் செருகவே முடியாது. 50 மில்லிமீற்றர் காப்பும் ஒற்றைக் கண்ணாடியும் என்றால் 800 வொட். 75 மில்லிமீற்றர் பலகமும் இரட்டைக் கண்ணாடியும் என்றால் 450 வொட். அத்தை வீட்டிலிருந்து இழுக்கும் ஒரு மின்கம்பி அதைத் தாராளமாகத் தாங்கும்.

யன்னலில் பணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். அறை 18 பாகை, ஈரப்பதன் 70 சதவீதம் என்றால், 12 பாகை அளவுக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். 6 பாகைக் குளிரில் ஒற்றைக் கண்ணாடியின் உட்புறம் 9 பாகைக்கு இறங்கிவிடுகிறது, இரவெல்லாம் வழியும். இரட்டைக் கண்ணாடி 13 பாகைக்குச் சற்று மேலே நிற்கிறது, தப்பித்துவிடும். வித்தியாசம் நான்கைந்து பாகைதான், ஆனால் படுக்கை நனைவதும் நனையாததும் அதில்தான் இருக்கிறது. அலுமினியச் சட்டம் வேண்டாம், அதுவே குளிரைக் கொண்டுவந்துவிடும். பிளாஸ்டிக் அல்லது மரச் சட்டம். எங்களுக்கு மூன்றே யன்னல்கள். அவற்றில் ஒன்று மனிதர் வெளியேறக்கூடிய அளவு. பொலியூரிதேன் தீப்பிடித்தால் நச்சுப்புகை விடும் பொருள். ஒரே கதவுள்ள சிறு வீட்டில் அதை மறந்துவிட்டுத் தூங்க முடியாது. படுக்கைத் தலைமாட்டில் வெளியேறும் யன்னலும், கூரையில் புகை உணரியும் எங்கள் வரைபடத்தில் முதலில் போட்டவை.

சூடேற்றுவது எப்படி என்பதில்தான் வீட்டில் பெரிய வாக்குவாதம். அப்பாவுக்கு விறகடுப்பு வேண்டும். லயனில் அடுப்புக்குமேல் பரண், பரணில் காயும் விறகு, அந்த அறை எப்போதும் உலர்ந்தே இருந்தது என்று சொல்லுவார். அவர் சொல்வது உண்மை. புகைபோக்கியுள்ள விறகடுப்பு ஈரத்தையும் வெளியே இழுத்துக்கொண்டு போகும். ஆனால் இருப்பதிலேயே சிறிய இரும்படுப்புகூட 2, 3 கிலோவொட் வெப்பம் தரும். 450 வொட் போதுமான பெட்டிக்குள் அதை எரித்தால் அரை மணியில் கதவைத் திறக்க வேண்டிவரும். நுரைச்சுவரிலிருந்து விலக்கி வைக்க 8 அடி அகலத்தில் இடமும் இல்லை.

கேஸ் ஹீட்டரைத் தயவுசெய்து நினைக்காதீர்கள். ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ நீராவி உண்டாகிறது. 12.5 கிலோ சிலிண்டர் ஒன்றைத் தீர்க்கும்போது 20 லீற்றர் தண்ணீரை வீட்டுக்குள் ஊற்றியதாக அர்த்தம். மண்ணெண்ணெய் ஹீட்டரும் அப்படியே, லீற்றருக்கு லீற்றர். சட்டியில் தணல் போட்டு அறைக்குள் வைத்துக்கொண்டு உறங்கும் பழக்கம் மலையில் இன்னும் இருக்கிறது. இவ்வளவு இறுக்கமான பெட்டியில் அது உயிரைப் பறிக்கும். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, இருமல் வராது, உறக்கத்திலேயே முடித்துவிடும். அம்மாவையோ அப்பாவையோ மலையில் வைத்திருப்பவர்கள் இதை நேரில் போய்ச் சொல்ல வேண்டும்.

முடிவாக எடுத்தது எண்ணெய் நிரப்பிய மின் ரேடியேட்டர் ஒன்று, வெப்பநிலை கட்டுப்பாட்டோடு. மின்சாரம் நின்ற இரவுகளுக்கு, லொறிச் சாரதிகள் பயன்படுத்தும் சிறிய டீசல் காற்று ஹீட்டர். அது எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து எடுத்துப் புகையையும் வெளியிலேயே விடுகிறது. அப்பாவின் விறகடுப்பு கதவுக்கு வெளியே, தகரத் தாழ்வாரத்தின் கீழ் வரும். சமையலும் பெரும்பாலும் அங்கேதான். உள்ளே ஓர் இண்டக்ஷன் அடுப்பு மட்டும். இப்படிச் செய்ததில் நீர் உண்டாகும் இடமே வீட்டுக்கு வெளியே போய்விட்டது. உள்ளே மிஞ்சும் மூச்சு ஈரத்துக்குக் குளியலறையில் ஓயாமல் மெல்லச் சுழலும் ஒரு சிறு விசிறியும் எதிர்ச்சுவரில் ஒரு காற்றுத் துவாரமும். மணிக்கு 18 கன மீற்றர் காற்று மாறினால், அதைச் சூடாக்க 70 வொட்தான் செலவு. குளிருக்குப் பயந்து இந்தத் துவாரத்தில் துணியை அடைக்கக் கூடாது என்று அப்பாவிடம் இப்போதே சத்தியம் வாங்கி வைத்திருக்கிறேன்.

தண்ணீர்த் தாங்கி வீட்டுக்குள் இல்லை, காணியில் தனியாக. 500 லீற்றர் என்றால் அரைத் தொன். மலசலகூடக் குழாய் கழற்றி மாட்டக்கூடிய இணைப்போடு குழிக்குப் போகும்.

சில்லு உண்மையிலேயே வேண்டுமா என்று நடுவில் ஒருமுறை நின்று யோசித்தோம். அதே பெட்டியை இரும்புச் சறுக்குக் கட்டையின்மேல் கட்டி, பூம் லொறியில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கிவிடலாம். அச்சு வேண்டாம், டயர் வேண்டாம், வீதியில் அது வெறும் சுமை. பாதை நேராக இருக்கும் காணிக்காரர்களுக்கு இதுவே மலிவான வழி. எங்களுக்கு அது சரிவராமல் போனதற்குக் காரணம் கடைசி 300 மீற்றர். பிரதான வீதியிலிருந்து காணிக்கு இறங்கும் தோட்டப் பாதை ஒரு லொறி அகலம், இரண்டு முடக்கு, இருபுறமும் தேயிலை. 2 தொன்னுக்கு மேல் பக்கவாட்டில் தூக்கும் பூம் லொறி கால்களை விரித்து நிற்கக் கெட்டியான சமதரை வேண்டும். படிக்கட்டு வெட்டிய சரிவில் அப்படி ஓர் இடம் இல்லை. ட்ரக்டர் ஒன்று ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு அந்த முடக்குகளில் மரக்கறி மூட்டையோடு தினமும் திரும்புகிறது. நாங்கள் அதன் தடத்தையே நாடாவால் அளந்துகொண்டு வந்தோம். வீட்டின் நீளத்தை 20 அடியிலிருந்து 18 அடியாகக் குறைத்ததற்கும் இரண்டாவது முடக்குத்தான் காரணம்.

மலைப்பாதையில் பிரேக்கைப் பற்றி ஒரு சொல். 12 அடிக்கு 1 அடி ஏறும் சரிவில் 2.8 தொன் வீடு 230 கிலோ விசையோடு பின்னால் இழுக்கும். இறங்கும்போது அதே விசையோடு முன்வாகனத்தைத் தள்ளும். இரட்டை அச்சு, இரண்டிலும் பிரேக், இணைப்பு கழன்றால் தானே பிடிக்கும் சங்கிலி, இவற்றில் ஒன்றையும் விட்டுக்கொடுக்கக் கூடாது. சட்டகத்துக்கு இரும்பு வெட்டுமுன் வரைபடத்தோடு நாரஹேன்பிட்டியில் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போய், அகலம், நீளம், பதிவு மூன்றையும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டியபின் ஓர் அங்குலத்தைக் குறைக்க முடியாது.

சில்லு இருப்பதால் மண்சரிவிலிருந்து தப்பிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் புதைந்தபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைச் சிதைத்தபோதும், வண்டி பூட்டும் அவகாசத்தை மண் தரவில்லை. வீடு எங்கே நிற்கிறது என்பதுதான் காப்பு. அப்பா கேட்ட இடம் மேட்டை வெட்டிய சுவருக்கு அடியில். காற்றுப் படாது என்று அவர் கணக்கு. அதற்கு நான் சம்மதிக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் அந்தச் சரிவைப் பற்றிக் கேட்ட பிறகே இடத்தை முடிவு செய்வோம் என்று சொல்லிவிட்டேன். இப்போதைக்கு அடையாளமிட்டிருப்பது காணியின் நடுவே உள்ள தட்டு. அங்கே காற்று அடிக்கும். அதற்காக நான்கு மூலையிலும் கொங்கிரீட் கட்டையில் இரும்புக் கயிறு கட்டி இறுக்கப்போகிறோம்.

ஆக, எங்கள் தெரிவு: இரட்டை அச்சு ட்ரெய்லர், 75 மில்லிமீற்றர் பலகச் சுவர், அதன்மேல் தனியாகச் சாய்வாக நிற்கும் அமானோ தகட்டுக் கூரை, உள்ளே தரைக்கும் படுக்கைப் பக்கச் சுவருக்கும் மட்டும் மரப்பலகை. அந்த மரம் அப்பாவுக்காக. தகட்டுச் சுவரைத் தொட்டுக்கொண்டு படுக்கப் பிடிக்கவில்லை என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னார். மலையில் மழை குறைந்த பெப்ரவரிக் கடைசியில் கொண்டுபோக நினைத்திருக்கிறோம். ஏப்ரல் வசந்தகாலக் கூட்டம் தொடங்கிவிட்டால் நுவரெலியாப் பாதையில் இப்படி ஒன்றை இழுத்துக்கொண்டு போக முடியாது. அதற்குமுன் பட்டறை முற்றத்தில் வைத்து, ஒரு மணி நேரம் எல்லாப் பொருத்துகள்மீதும் ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடிக்கப்போகிறோம். உள்ளே டோர்ச்சோடு நிற்கப்போவது அப்பா.